கடைசி ஆள் வாங்கும் வரை

ஏழு மணியாக மூன்று நிமிடம் இருக்கிறது, வேன் எட்டு ஐந்துக்கு வந்து நிற்கும், அதற்குள் அரிசிம்பருப்புச் சாதம் வெந்து, சூடு ஆறாமல் டப்பாவுக்குள் போய், டப்பா பைக்குள் போய், பை என் பேத்தி பாப்பாவின் கைக்குப் போய்விட வேண்டும், அறுபத்தெட்டு நிமிடம், இதைவிடக் குறைந்த நேரத்தில் மூன்று ஷிப்டையும் வெளியே அழைத்துவந்து மில்லையே நிறுத்தியவன் நான், ஆனால் அன்றைக்கு யாரும் என் கையில் சின்ன வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்லவில்லை. உழைப்பைப் பற்றி நான் எழுதிய துண்டறிக்கைகள் பதினேழு. ஒன்றில்கூடச் சின்ன வெங்காயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். தோல் நகத்துக்குள் போகிறது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உரித்து முடித்தால் ஒரு கைப்பிடி தேறுகிறது, இதை முப்பத்தைந்து வருஷம் உரித்தவள் என் மனைவி சரசாள், ஒரு கோரிக்கையும் வைக்காமல் போய்ச் சேர்ந்தாள், வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன், உன்னோடு பேச நேரமில்லை, பேச்சுவார்த்தைக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். சரி, வெங்காயம். எட்டு போதும். பத்தாக இருக்கட்டும். இன்றைக்குக் குறை வைக்கக் கூடாது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, இன்றோடு கெடு முடிகிறது. கெடு வைத்தவள் மருமகள் கோகிலவாணி. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து தூங்கிவிட்டுப் போவான், இவளுக்கு இங்கே கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை, இந்த மாதம் காலை ஷிப்ட், ஆறு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள், எடுப்பதற்கு முன்னால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னாள்: "மாமா, இன்னிக்கும் டப்பா அப்படியே திரும்பி வந்துச்சுன்னா, திங்கக்கிழமையில இருந்து கேட்டரிங்ல சொல்லிப்போடறனுங்க. நீங்களும் பாவம், இந்த வயசுல எதுக்குங் இந்தச் சிரமம்?" பாவம். நிர்வாகம் என்னை ரவுடி என்றது, போலீஸ் என்னைத் தலைவலி என்றது, சொந்தச் சங்கமே என்னை அவசரக்காரன் என்று தீர்மானம் போட்டது, பாவம் என்று இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. கேட்டரிங் என்றால் என்ன, பத்துப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கொட்டகையில் பொங்கி, சிரிக்கிற கேரட் படம் போட்ட பிளாஸ்டிக் தட்டில் அடைத்து அனுப்புவது. நிரந்தரத் தொழிலாளியை வெளியே தள்ளிவிட்டு ஒப்பந்தக்காரனை உள்ளே விடுவது. எதை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினேனோ அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் வீட்டு அடுப்படிக்கே வந்திருக்கிறது. இந்த அடுப்படியின் நிரந்தரத் தொழிலாளி நான். மூன்று வார சர்வீஸ்.

அந்த மூன்று வாரத்தில் முதல் இரண்டு வாரம் ஒரு குறையும் கிடையாது. டப்பா காலியாக வந்தது, ஒரு நாள் வழித்து நக்கினதுபோலக்கூட வந்தது, நான் அதைக் கழுவாமல் வைத்திருந்து கோகிலவாணி வந்ததும் காட்டினேன். இந்தத் திங்கட்கிழமை மாலை பாப்பா பையை வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது டப்பாவைத் திறந்தேன், குப்பென்று ஆவி அடித்தது. நாலு மணிக்கும் ஆவி! காலையில் எட்டு மணிக்கு நான் அடைத்த சூடு! உடனே அய்யாசாமிக்குப் போன் போட்டேன், என்னோடு நூற்புப் பிரிவில் இருந்த தோழர், இப்போது காது சரியாகக் கேட்காது, "தோழரே, எட்டு மணி நேரம் கழிச்சும் ஆவி வருது!" என்று கத்தினேன், அவர் "ஆருக்கு பேதி வருது?" என்றார், அதை விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது, ஆவி வருகிறது என்றால் சோறு இருக்கிறது, சோறு இருக்கிறது என்றால் பிள்ளை சாப்பிடவில்லை. செவ்வாய்க்கிழமை காரத்தைக் குறைத்தேன், அப்படியே வந்தது. புதன்கிழமை பீன்ஸை நீக்கினேன், விசாரணை இல்லாமல் பணிநீக்கம், அப்படியே வந்தது. நேற்று உருளைக்கிழங்கு வறுவல் வைத்தேன், உருளைக்கிழங்கை வேண்டாம் என்ற குழந்தை இந்த உலகத்தில் உண்டா, அதுவும் வந்தது, எண்ணி வைத்த பதினான்கு துண்டும் பதினான்காகவே வந்தன. ஏன் கண்ணு சாப்பிடலை என்று கேட்டால், "பசிக்கலைங் தாத்தா." வீட்டுக்கு வந்தவுடன் மூன்று தோசை போகிறது. எனக்கு இந்த முகம் தெரியும். கத்தாது, அழாது, கண் நேராகப் பார்க்கும், தண்ணீர் மட்டும் குடிக்கும். உண்ணாவிரதம் இருக்கிறவர்களின் முகம், நானே எத்தனை பேரைப் பந்தலில் உட்கார வைத்திருக்கிறேன். பாப்பா உண்ணாவிரதம் இருக்கிறாள், மூன்றாம் வகுப்பு பி பிரிவு, பெயர் சஷ்விகா, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு இணையத்தில் இருந்தது என்றார்கள், அர்த்தம் தெரியாத ஒன்றை வாயால் சொல்ல மாட்டேன் என்று நான் பாப்பா என்றே கூப்பிடுகிறேன். உண்ணாவிரதம் சரி, கோரிக்கை எங்கே? கோரிக்கை மனு இல்லாமல் போராட்டம் ஏது? நேற்று அவள் தூங்கின பிறகு பையைத் துழாவிப் பார்த்தேன், ஒரு ரப்பர், ஒரு கொண்டை ஊசி, கால் பிஸ்கட், மனு இல்லை. துழாவிக்கொண்டிருக்கும்போது என் கையை நானே பார்த்தேன். இப்படித்தான் எங்கள் லாக்கர்களை அவர்கள் துழாவினார்கள். அந்தக் கை இப்போது என் தோளில் முளைத்திருக்கிறது. எழுபத்தொரு வயதில் நிர்வாகமாகிவிட்டேன்.

எண்ணெய் காய்ந்துவிட்டது, கடுகு, சீரகம், பூண்டு, வெங்காயம், வரமிளகாய் இரண்டு போதும், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, போடும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், முதல் நாள் தெரியாமல் நெற்றியில் சுட்டுக்கொண்டேன். பக்கத்து அடுப்பில் வெறும் தண்ணீர் கொதிக்கிறது, அது டப்பாவுக்கு. ஹாட் பாக்ஸில் நேராகச் சோற்றைப் போடக் கூடாது, முதலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்து டப்பாவைச் சூடாக்க வேண்டும், பிறகு கொட்டிவிட்டுச் சோற்றை வைத்தால் சூடு மதியம்வரை இறங்காது, கோகிலவாணி சொல்லித் தந்தது, சொன்ன உடனே புரிந்துகொண்டேன், வேலைநிறுத்தத்துக்கு முன்னால் வாயிற்கூட்டம் போடுவதும் இதற்குத்தான், ஆறின ஆளிடம் போய்த் திடீரென்று போராட்டத்தைக் கொட்டினால் அதுவும் சேர்ந்து ஆறிவிடும். கழுவின அரிசியும் பருப்பும் உள்ளே, தண்ணீர் மூன்று பங்கு. உப்பு ஜாடியை எடுக்கிறேன், எடுத்தால் கை அப்படியே நிற்கிறது, இந்த மூன்று வாரமும் உப்பு ஜாடிக்கு முன்னால் இது நிற்கிறது, ஒரு குழம்புக் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தால் முடிந்துபோகிற விஷயம், நான் பார்ப்பதில்லை. கோகிலவாணி ஒருநாள் கேட்டாள், "ருசி பாக்காம எப்படீங் மாமா உப்புப் போடறீங்க?" அது கஞ்சித்தொட்டிப் பழக்கம் அம்மிணி, பரிமாறுகிறவன் முதலில் வாய் வைக்கக் கூடாது என்றேன், பெருமையாகத்தான் சொன்னேன். அறுபத்துமூன்று நாள் வேலைநிறுத்தம். எண்பத்துநாலு பேரை நீக்கினார்கள், எண்பத்துநாலு பேரையும் திரும்ப எடுக்கும்வரை ஒருவனும் உள்ளே போவதில்லை என்று கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தோம், வீட்டில் அடுப்பெரியாத குடும்பங்களுக்காக வேப்பமரத்தடியில் பெரிய அண்டாவை ஏற்றிக் கஞ்சித்தொட்டி திறந்தோம், பொறுப்பாளர் தோழர் திருமூர்த்தி, அதாவது நான். வரிசை போட்டது நான், சட்டம் போட்டது நான்: கடைசி ஆள் வாங்கும்வரை முதல் ஆள் வாய் வைக்கக் கூடாது. முந்நூறு பேர் கையில் டம்ளரை வைத்துக்கொண்டு ஆவி முகத்தில் அடிக்க நின்றார்கள், கடைசி டம்ளர் நிறைந்ததும் நான் கரண்டியால் அண்டாவை ஒரு தட்டுத் தட்டுவேன், முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள், அந்தச் சத்தம் இருக்கிறதே, அதை எந்தக் கச்சேரியிலும் கேட்க முடியாது. நிர்வாகத்தின் ஆள் ஒருவன் மாடியிலிருந்து பார்த்துவிட்டு இவர்களை உடைக்க முடியாது என்று சொன்னானாம். உடைத்தது எங்கள் தலைவர் வரதப்பன். அறுபத்துமூன்றாம் நாள் உள்ளே போய் டீ குடித்துவிட்டு நாற்பத்திரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பாதி. வெளியே நின்ற பாதியில் நான். துரோகி. தினமும் சாயங்காலம் அய்யாசாமியோடு போனில் இதைப் பேசுவேன், அவருக்குக் காது கேட்காததால் கத்துவேன், கருங்காலி, துரோகம், கடைசி ஆள், மூன்றும் தெருமுனைவரை கேட்கும் என்று கோகிலவாணி சொல்கிறாள். அய்யாசாமியும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார், சில நாள் மட்டும், "முப்பத்தேழாம் நாள் மழை பேஞ்சுதே தோழர், ஞாபகம் இருக்குதா?" என்பார். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம், பாப்பா எழுந்துவிட்டாள், மணி ஏழு இருபத்திரண்டு. ஜாடியை அலமாரியில் வைத்துவிட்டுக் குக்கர் மூடியைப் போட்டுத் திருகினேன்.

முதல் விசில். மில் சங்கும் இப்படித்தான், முதல் சங்குக்கு எழுந்திருப்போம், இரண்டாம் சங்குக்குத் தெருவில் இருப்போம், மூன்றாம் சங்குக்குள் உள்ளே போகாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை, ஊர் முழுக்கச் சங்கு ஊதின காலம் போய் இப்போது ஊர் முழுக்கக் குக்கர் ஊதுகிறது. முப்பத்தேழாம் நாள் மழை பெய்தது. பெய்யட்டும். இப்போது உருளைக்கிழங்கு. நேற்று வட்டமாக நறுக்கினேன், இன்றைக்குச் சதுரம், சதுரம் பிடிக்குமோ என்னவோ, முள்கரண்டியில் குத்த வசதி. மழையில் விறகு நனைந்து கஞ்சி வேக மூன்று மணியாகிவிட்டது, அன்று காலையிலும் முந்தின நாள் இரவிலும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை, பொறுப்பாளர் எல்லாருக்கும் பிறகுதான் குடிக்க வேண்டும் என்பதும் நான் போட்ட சட்டம், அவ்வளவு சட்டம் போட்டிருக்க வேண்டாம். அண்டாவுக்குப் பின்னால் சாக்கை மறைவாகப் பிடித்துக்கொண்டு ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன். நின்றுகொண்டு, நாக்கு வெந்துபோக, நாலே மடக்கு. உப்பு சரியாக இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு வரிசைக்கு ஊற்றினேன், முந்நூறு பேர், கடைசியில் வைண்டிங் பிரிவு நஞ்சம்மாள் டம்ளரை நீட்டினாள், நான் அண்டாவைச் சாய்த்தேன், கரண்டி அடியில் உரசியது, ஒன்றும் இல்லை. ஒரே ஒரு டம்ளர் குறைந்தது. தீர்ந்துபோச்சுங்க என்றேன். அவள் டம்ளரை முந்தானையில் துடைத்துவிட்டு, "பரவால்லீங் தோழர், நாளைக்கு மொத ஆளா வந்து நின்னுக்கறேன்" என்றாள். நான் அண்டாவைத் தட்டினேன். எல்லாரும் குடித்தார்கள். இரண்டாம் விசில். எண்ணெயில் உருளைக்கிழங்கு பொரிகிற சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றேதான், கண்ணை மூடினால் வித்தியாசம் தெரிவதில்லை, கண்ணை மூடினால் கிழங்கு கருகிவிடும், திருப்பிப் போடு, திருமூர்த்தி, திருப்பிப் போடு. வரதப்பன் நாற்பத்திரண்டு பேரை விட்டுவிட்டு வந்தார், நான் ஒரு ஆளைத்தான். கணக்கில் நான் எவ்வளவோ மேல்.

"தாத்தா, ஒரு சாக்ஸைக் காணோம்." பாப்பா வந்து நிற்கிறாள், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஒரு காலில் சாக்ஸ், மறுகால் வெறும் கால், கையில் டைரி. "அந்தத் துணிக்கூடையில பாரு கண்ணு." "பாத்துட்டேன்." "கட்டிலுக்கு அடியில?" "அங்க கரப்பான் இருக்குது." நான் போய்க் குனிந்து எடுத்தேன், கரப்பான் இல்லை, இருந்தாலும் அது என்ன முதலாளியா. அவள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "மிஸ் எழுதி விட்டிருக்காங்க, கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அம்மா உங்களைப் போடச் சொல்லிட்டாங்க" என்று டைரியைப் பிரித்து வைத்தாள். ஆங்கிலத்தில் இரண்டு வரி. படித்துச் சொல் என்றேன், படிக்காமல் கையெழுத்துப் போடுவது என் வழக்கமில்லை. "குழந்தை நாலு நாளா லஞ்ச் சாப்பிடறதில்லை, என்னான்னு பாருங்கன்னு போட்டிருக்குது" என்றாள், யாரோ பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல. மூன்றாம் விசில். அடுப்பை நிறுத்தினேன். ஆவி தானாக அடங்க வேண்டும், அவசரப்பட்டுத் தூக்கினால் முகத்தில் அடிக்கும், பேச்சுவார்த்தைக்கு இதுதான் நேரம். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நிர்வாகம் எங்களிடம் முதலில் மிரட்டிப் பார்த்தது, பிறகு ஆளுக்கொன்று சொல்லிப் பிளக்கப் பார்த்தது, இங்கே இருப்பது ஒரே ஆள், எப்படிப் பிளப்பது, கடைசியாக அவர்கள் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்கள், அதையே கேட்டேன்.

"உனக்கு என்னதான் வேணும் அம்மிணி?"

"ஒண்ணும் வேண்டாமே."

"காரமா?"

"இல்ல."

"ருசி இல்லையா? தாத்தா மனசு நோகும்னு பாக்காத, நேரா சொல்லு. விமரிசனம் எனக்குப் பழக்கம்தான்."

"நல்லாத்தாங் இருக்கு. அம்மா செய்யறதைவிட நல்லா இருக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

இதைக் கேட்டு ஒரு நிமிடம் பேச்சுவார்த்தையையே மறந்துவிட்டேன். வரதப்பனும் இப்படித்தான் விழுந்திருப்பார். டீ நன்றாக இருந்திருக்கும்.

"அப்புறம் ஏன் திங்கறதில்ல?"

"நிலோஃபருக்கு வந்திருக்காதுங்களே."

நிலோஃபர் யார் என்று கேட்டேன். பாப்பாவின் பெஞ்சில் மூன்றாவதாக உட்காருகிற பெண். அந்தப் பிள்ளைக்குக் காலையில் டப்பா கிடையாது, அவள் அம்மா தையல் கடையில் வேலைக்குப் போகிறவள், மதியம் சுடச்சுடப் பொங்கி, ஸ்கூட்டரில் பள்ளிக்கூட கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள், அப்படி நிறைய அம்மாக்கள் கேட்டில் நிற்பார்களாம். போன வாரம்வரை பக்கத்துத் தெருக் கடை, சரியாக வந்தாள். இந்த வாரம் வேறு கடை, தூரம், பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் அவள் வரும்போது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒரு மணிக்கு மறுபடி மணி.

"அவ வாங்கறதுக்குள்ள பெல் அடிச்சுருது. அவ நின்னுட்டே ரெண்டு வாய் தின்னுட்டு ஓடியாந்துருவா. எனக்கு டப்பா மூடி திறக்கவே நேரம் போயிருது, அவ்வளவு டைட்டா மூடறீங்க."

"அவளுக்கு லேட்டானா நீ ஏன் சும்மா உக்காந்திருக்கற?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்பது இருந்தது. "கடைசி ஆள் வாங்கற வரைக்கும் மொத ஆள் வாய் வெக்கக் கூடாதுன்னு நீங்கதானுங் தாத்தா போன்ல கத்திட்டே இருக்கீங்க. டெய்லி. நான் ஹோம்வொர்க் எழுதறப்ப."

நாற்பது வருஷம் பேசியிருக்கிறேன். மைக் வைத்துப் பேசியிருக்கிறேன், மைக்கைப் பிடுங்கின பிறகும் பேசியிருக்கிறேன். பதினேழு துண்டறிக்கையும் போண்டா மடிக்கத்தான் போயின. பெற்ற மகனுக்குப் புரட்சிவேந்தன் என்று பெயர் வைத்தேன், ஆபீசில் அவனை வென் என்கிறார்கள், அவன் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான். ஒரே ஒரு ஆள் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடந்திருக்கிறது, அந்த ஆளுக்கு எட்டு வயது, ஒரு காலில் சாக்ஸ் இல்லை, நாலு நாளாக மதியம் பட்டினி. நெஞ்சு நிமிர்ந்தது, நிமிர்ந்த நெஞ்சுக்குள்ளேயே என்னவோ கீழே இறங்கியது, இரண்டும் ஒரே நேரத்தில், லிஃப்ட் மேலே போகிறதா கீழே போகிறதா தெரியாததுபோல.

"நீ மட்டுமா காத்திருக்கற?"

"திங்கக்கிழமை நான் மட்டும். இப்ப ஆறு பேர்."

"மத்தவங்க?"

"கருங்காலிங்க."

எழுந்து குக்கரைத் திறந்தேன். ஆவி மேலே போனது, வாசம் நன்றாகத்தான் இருக்கிறது, நெய் ஒரு கரண்டி, டப்பாவிலிருந்த வெந்நீரைக் கொட்டித் துடைத்து, சுடச்சுட அள்ளி வைத்தேன், அமுக்காமல் வைக்க வேண்டும், மேல் தட்டில் உருளைக்கிழங்கு, மணி ஏழு ஐம்பது. கை வேலை செய்கிறது, தலை வேறு வேலை செய்கிறது. தின்னு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எதைச் சொல்லித் தின்னச் சொல்வது, அந்தச் சட்டம் பெரியவர்களுக்கு மட்டும் என்றா, பள்ளிக்கூடத்தில் செல்லாது என்றா, இதெல்லாம் நிர்வாகம் பேசுகிற பேச்சு, இவள் ஒரே கேள்வியில் கிழித்துவிடுவாள், நானே கிழித்திருப்பேன். தின்னாமல் போனால் டப்பா திரும்பி வரும், திங்கட்கிழமை சிரிக்கிற கேரட் வரும், அப்போதும் தின்ன மாட்டாள், கேரட் டப்பாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஆறு பேர் பத்துப் பேராவார்கள், ஒன்றும் மாறாது, நான் மட்டும் அடுப்படியைவிட்டு வெளியே நிற்பேன். சொல்வதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. சரசாளிடம் சொன்னதில்லை. அய்யாசாமி கேட்டபோதெல்லாம் லைன் சரியில்லை. டப்பாவை மூடினேன், பாதி திருகினதும் நிறுத்தினேன், டைட்டாக மூடுகிறேனாம்.

"அம்மிணி, அந்தச் சட்டத்தைத் தாத்தாவே ஒரு நாள் மீறிட்டேன்."

சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"முப்பத்தேழாம் நாள். மழை. பசி தாங்கலை. அண்டாவுக்குப் பின்னால நின்னு ஒரு டம்ளர் குடிச்சுட்டேன்."

"முழு டம்ளரா?"

"முழுசா."

"கடைசி ஆளுக்கு?"

"இல்லாமப் போச்சு. நஞ்சம்மாள்னு ஒரு அம்மா. நாளைக்கு மொத ஆளா வந்து நின்னுக்கறேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

"நின்னாங்களா?"

"நின்னாங்க. மொத டம்ளரே அவங்களுக்குத்தான் ஊத்துனேன். வழிய வழிய." இதை நான் எனக்குள் பலதடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன், வழிய வழிய ஊற்றினேன், ஆகவே சரியாகிவிட்டது.

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். "மொத ஆளா நின்னாலும், கடைசி ஆள் வாங்கற வரைக்கும் அவங்க குடிச்சிருக்க முடியாதுல்ல? முந்தின நாளும் குடிக்கலை."

கையிலிருந்த மூடி சுட்டது. முந்நூறு பேர். அவ்வளவு நேரம் வழிய வழிய நிறைந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என் முன்னாலேயே நின்றிருக்கிறாள், நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தோன்றவில்லை. மேடையில் எவனும் என்னை இப்படிக் கேட்டு உட்கார வைத்ததில்லை.

"அப்ப நீங்கதான் துரோகியா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

"அழுதீங்களா?"

"உப்பு சரியா இருந்துச்சுன்னு நினைச்சேன். அதுதான் ஞாபகம் இருக்குது." வெளியே வேன் வருகிற சத்தம், இரண்டு ஹாரன், மூன்றாவது அடித்தால் கிளம்பிவிடும். "பசிச்சா பெரிய மனுசனுக்கே தாங்காது அம்மிணி. நீ சின்னப் பிள்ளை. தின்னுரு. தாத்தா சொல்றேன்."

"அதெப்படி? ஆறு பேர் இருக்கோம். அவங்களைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?" எழுந்து பையை மாட்டினாள், ஷூவுக்குள் காலை நுழைத்தாள், ஒரு காலை நுழைத்துவிட்டு நின்றாள். "வேணா ஒண்ணு பண்ணலாம். பாதி. மணி அடிச்சதும் எல்லாரும் பாதி தின்னுக்கறது. மீதிப் பாதி நிலோஃபருக்கு வந்ததும். அவளோட அம்மாவை மிஸ்கிட்டப் பேசச் சொல்றேன், அவளுக்கு மட்டும் பெல்லுக்கு அப்புறம் பத்து நிமிசம் வேணும்னு. ஒத்துக்கறீங்களா?"

பாதி. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் வரதப்பனின் வீட்டுக்கு எதிரே நின்று மண்ணை வாரித் தூற்றினேன், அவர் செத்தபோது போகவில்லை. உள்ளே போனபோது அவருக்கு எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன கேட்டார்கள், வெளியே எத்தனை பேர் பசியோடு நின்றார்கள் என்று எண்ணினாரா, ஒருநாளும் நான் கேட்டதில்லை. "கிளைமாக்ஸ் எல்லாம் வேண்டாம், வா பாப்பா!" என்று வேன்காரர் வெளியிலிருந்து கத்தினார், தினமும் அவர் இதையே கத்துவார்.

"சரி" என்றேன்.

"சரின்னா போதாது. இதுல போடுங்க." டைரியைப் பிரித்து முட்டியில் வைத்தாள், பேனாவையும் அவளே திறந்து கொடுத்தாள். மிஸ்ஸின் இரண்டு வரிக்குக் கீழே, பெற்றோர் கையொப்பம் என்ற கோட்டுக்கு மேலே, போட்டேன். திருமூர்த்தி. வாழ்க்கையில் முதல் ஒப்பந்தம். டப்பாவைப் பைக்குள் நேராக வைத்து, மூன்றாவது ஹாரனுக்கு முன்னால் படியிறக்கி விட்டேன். வேனின் கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினாள், டாட்டா காட்டுகிறாள் என்று நான் கையைத் தூக்கினால், அவள் முஷ்டியை மடக்கி உயர்த்திக்கொண்டிருந்தாள், வேனில் இருந்த மற்ற பிள்ளைகள் சிரித்தன.

அடுப்படிக்குத் திரும்பினேன். குக்கரில் இரண்டு கை அளவு மீதி இருக்கிறது, எனக்கு. மூடி வைக்கப் போனவன், கரண்டியோடு நின்றேன். மறைப்பதற்குச் சாக்கு இல்லை, அண்டா இல்லை, வரிசையும் வேனில் ஏறிப் போய்விட்டது. நஞ்சம்மாள் ஒன்றும் நினைக்க மாட்டாள். நினைத்தாலும் நினைக்கட்டும். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன், மூன்று வாரத்தில், இல்லை, நாற்பத்துச் சொச்சம் வருஷத்தில் முதல்தடவையாக ருசி பார்க்கிறேன். பருப்பு குழைவாக வெந்திருக்கிறது. பூண்டு பதம். நெய் மணம். உப்பு இல்லை.

உப்பே இல்லை. ஜாடியை எடுத்தேன், கையில் வைத்திருந்தேன், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அப்படியே திரும்ப வைத்துவிட்டேன். உருளைக்கிழங்கிலும் போட்டேனா, வாணலியில் ஒட்டியிருந்ததைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன், இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, பாதி தின்கிறோம் என்று ஆறு பேர் மணி அடித்ததும் மூடியைத் திறக்கப் போகிறார்கள், அதில் என்னை நம்பித் திறக்கிற பாப்பாவுக்கு முதல் வாயிலேயே இது. கோகிலவாணி என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். பாவம் என்பாள்.

அலமாரிக்கு மேலே கட்டி வைத்திருக்கிற துண்டறிக்கைக் கட்டை இறக்கினேன், தூசி கொட்டியது, மேலே இருந்தது வரதப்பனைக் கண்டித்து நான் எழுதினது, "பாதிக்குப் பணிந்த துரோகம்" என்று பெரிய எழுத்து. தாள் பழுப்பேறிவிட்டாலும் கிழியவில்லை, நல்ல தாள். நாலாகக் கிழித்து ஒரு துண்டில் உப்பை வைத்துப் பொட்டலம் மடித்தேன், மருந்துக் கடையில் மடிப்பதுபோல முனையைச் செருகி. நிலோஃபருக்கு உப்பு அவள் அம்மா போட்டிருப்பாள், மற்ற ஐந்து பேருக்கும் அவரவர் வீட்டில் போட்டிருப்பார்கள், பாப்பாவின் மீதிப் பாதிக்காவது உப்பு சேர ஒரு பொட்டலம் போதும், இருந்தாலும் இரண்டு மடித்துக்கொண்டேன். பள்ளிக்கூட கேட்டைப் பன்னிரண்டரைக்குத்தான் திறப்பார்கள். இப்போது எட்டு இருபது. செருப்பை மாட்டிக்கொண்டேன். ஒரு கேட்டுக்கு வெளியே போய் நின்று எத்தனை வருஷமாயிற்று, வாட்ச்மேன்களிடம் எப்படிப் பேசுவது என்பது மட்டும் மறக்கவில்லை. குக்கரில் இருந்த மீதியைத் தட்டு போட்டு மூடி வைத்தேன், வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். அம்மாக்களெல்லாம் டப்பாவோடு முன்னாலேயே வந்து நிற்பார்கள், நான் சீக்கிரம் போனாலும் அவர்களுக்கு வழிவிட்டு, தையல் கடையிலிருந்து அந்த அம்மாவும் வந்து கொடுத்து முடித்த பிறகு, கடைசி ஆளாகப் போய் நின்றுகொள்வேன்.